கொக்கு சேரின் கையெழுத்து

உலகத்திலேயே கையெழுத்து வாங்க முடியாத மனிதர் கண்டியில் இருந்த எங்கள் கொக்கு சேர்தான். கந்தோரில் கிளார்க்காக இருந்த காலத்தில், பத்துக் கதிரை வந்ததாகத் தாளை நீட்டினால், பத்திலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். பக்கத்து வீட்டுக்காரர் மகளுக்கு நன்னடத்தைக் கடிதம் கேட்டபோது, “நல்ல புள்ளதான். ஆனா ஸ்கூல்ல எப்படி நடக்குதுன்னு நான் கண்ணால பார்க்கலியே!” என்று திருப்பி அனுப்பினார்.

பென்ஷன் வாங்கியதும் பறவை பார்க்கக் கிளம்பினார்; ‘கொக்கு’ என்ற பட்டப்பெயர் அப்போது வந்ததுதான். அங்கும் அதே சட்டம். கொப்பியில் ஒரு பறவை ஏற வேண்டுமென்றால், கண்ட இருவர் கையெழுத்து வேண்டும். ஒன்று அவருடையது. மற்றது, வேன் ஓட்டும் என்னுடையது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குக் கையெழுத்து என்றாலே பயம். தெல்தெனிய வயலில் ஒரு நாரைக்குப் போட்டுவிட்டு, அது நாரையில்லை என்றால் பொலிசு வருமோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சேரின் ஒரே ஆசை நண்டுதின்னி. குளிர்காலத்தில் மன்னார்க் கரைக்கு வரும் வெள்ளையும் கறுப்புமான பறவை. ஒன்பது மார்கழி கூட்டிப்போனேன், ஒன்பதிலும் காணவில்லை. பத்தாவது முறை வேனில் ஏறும்போதே சொன்னார்: “டொக்டர் இனி தூரப் பயணம் வேணாங்கிறார் தம்பி. இதுதான் கடைசி.”

வழியெல்லாம் நான் “சேர், முதலை!” என்பேன், பனங்கட்டையாக இருக்கும். “யானை!” என்பேன், எருமை திரும்பிப் பார்க்கும். கடைசிப் பயணமும் வீணாகிவிடுமோ என்ற கவலையில் கரையோரச் சேற்றில் வேனை இறக்கிவிட்டேன். சேர் சாரத்தை மடித்துக் கட்டிப் பின்னால் தள்ள, நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

முன் கண்ணாடிக்கு நேரே, இருபதடியில், ஒரு பறவை.

“சேர்! நண்டுதின்னி!”

“வாய மூடிக்கிட்டு கியரப் போடு! இனி சிங்கம்னு சொல்லுவ!”

வேன் உறுமி வெளியே பாய்ந்தது. பறவை பறந்தது. மூக்குவரை சேற்றோடு சேர் வந்து விசாரணையைத் தொடங்கினார்.

“அலகு?”

“கறுப்பு சேர். நல்ல தடிப்பு.”

“முதுகு?”

“அதுவும் கறுப்பு. மத்ததெல்லாம் வெள்ளை.”

“என்ன செஞ்சிச்சு?”

“நண்டைப் புடிச்சு, கால ஒண்ணொண்ணா உதறிக் கழட்டிச்சு. பாவமா இருந்திச்சு சேர்.”

அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கடலையே பார்த்தார். நெஞ்சைப் பிடித்துவிடுவாரோ என்று தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன். பிறகு கொப்பியைத் திறந்து பெயரை எழுதி என்னிடம் நீட்டினார். எழுத்துக்கூட்டிப் போட்டேன். திரும்ப வாங்கி, அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

“சேர், நீங்க பார்க்கலியே!”

“ஒன்னப் பார்த்தேனே. பத்து வருஷமா பார்க்கிறேன்.”

சேர் இப்போது இல்லை. கொப்பி என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. கரையான் ஏறிவிட்டதோ என்று தினமும் ஒரு தரம் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.