கொம்பன் கட்சியும் நீலவயிறன் கட்சியும்

வண்டு வக்கீல் என்றொரு இனம் ஆஸ்திரேலியாவில் எங்கள் கிப்ஸ்லாந்துப் பக்கம் உண்டு. பார்த்ததில்லையா? பால்மாடு வைத்திருப்பார்; முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார்; கல்யாணமோ கருமாதியோ, டீக் கோப்பை கைக்கு வந்ததும், சாணியைப் புதைப்பதில் கொம்பு வண்டு உசத்தியா, நீலவயிற்று வண்டு உசத்தியா என்று ஆரம்பித்து, எதிராளியின் டீ ஆறும்வரை விடமாட்டார். நான் கொம்பன் கட்சி. அடுத்த பண்ணை மெர்வின் நீலவயிறன் கட்சி.

"கொம்பு எதுக்குடா? மாட்டுக்கு வேடிக்கை காட்டவா?" என்பான் மெர்வின்.

"உன்னோடது வயித்தை மினுக்கிக்கிட்டுத்தானே திரியுது!"

இரண்டும் செய்வது ஒரே வேலைதான். சாணிக்கு அடியில் சுரங்கம் தோண்டி, சாணியை உள்ளே இழுத்து, அதில் முட்டையிடும். அதைச் சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும்.

கடைசியில் வட்டாரப் பண்ணைக்காரர்கள் இரண்டு பண்ணையிலும் தோண்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு. தோற்றவன் இனி வண்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. எங்கள் இனத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

வருகிறவர்கள் கண்ணுக்கு மாடு பளபளவென்று இருக்கட்டுமே என்று, முந்தின வாரம் எல்லா மாட்டின் முதுகிலும், தோல்வழியே உள்ளே இறங்கும் குடற்புழு மருந்தை ஊற்றினேன்.

"மருந்து சாணியில இறங்குமே, உன் கொம்பனுக்கு ஆகுமா?" என்றாள் என் மனைவி க்ளெனிஸ்.

"சிங்கம்டி அது!"

அந்த நாள் வந்தது. என் வயலில் சாணி போட்டது போட்டபடி அடை மாதிரி காய்ந்து கிடந்தது. புரட்டினோம். ஒரு துளை இல்லை. ஊர் முன்னால் மானம் போயிற்று.

மெர்வின் பக்கம் மண்வெட்டி இறங்க இறங்கச் சுரங்கம் போய்க்கொண்டே இருந்தது. அடியிலிருந்து ஒரு வண்டை எடுத்தான். இரண்டு கொம்பு!

"என் வண்டு! வேலி தாண்டி வந்திருக்கு!" என்று கத்தினேன்.

"என் புல்லு, என் சாணி, என் வண்டு. கொம்பைப் பாருங்கப்பா, என்ன அழகு! நான் அப்பவே சொன்னேன்ல?"

"கொம்பு எதுக்குடா?" என்றது என் வாய், என்னைக் கேட்காமலே. "வேலைக்கு நீலவயிறன்தான்!"

க்ளெனிஸ் சிரித்த சிரிப்பில் மாடெல்லாம் திரும்பிப் பார்த்தன. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்பதுதான் பண்ணைக்காரர்கள் சொன்ன தீர்ப்பு.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம்தான் வண்டு இல்லையே. மருமகள் இரண்டு பேர் உண்டோ? போன வருஷம் பெரியவளைப் புகழ்ந்த வாய், அவள் தனிக்குடித்தனம் போனபின் யாரைப் புகழ்கிறது? எதற்கும் ஒருமுறை குனிந்து காலைப் பாருங்கள். ரப்பர் பூட்ஸ் தெரிகிறதா?