கியர்பாக்ஸ் இல்லை, பேரிங்தான்

மதிப்பிற்குரிய பிளகோயா மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் நெவெனா மரியாதை சற்றும் குறையாமல் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், உங்கள் கார் ஆகிய நால்வரும் நலம். நாலாவது ஆளின் நலத்தைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். சுவிட்சர்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டதா? மாமியின் முழங்கால் எப்படி இருக்கிறது? விசாரித்தாகிவிட்டது; இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் தொலைபேசியில் காரின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கியர்பாக்ஸ் போயிடுச்சு. பழைய வண்டி வாங்குற ஷிவ்கோ இரும்பு விலைக்குக் கேட்டாலும் குடுத்துத் தொலைங்க" என்று சொன்னீர்கள். கார் உங்கள் பெயரில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காரில்தான் அப்பா தினமும் என்னைப் பிரிலெப் நகரத்துப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறார். எங்கள் கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த பேருந்தும் நின்றுபோய்விட்டது. கார் போனால் நான் பிரிலெப்பிலேயே மாமியின் அக்கா பவ்லினா வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும் என்பதும் உங்கள் ஏற்பாடு. பவ்லினா அத்தை இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார். "எழுத்து எங்கயும் ஓடிப்போயிடாது, காலையில பாத்துக்க" என்பார். போன குளிர்காலத்தில் அங்கே தங்கியிருந்தபோது ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை நான் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில்தான் படித்து முடித்தேன். ஆகவே காரை விற்க நான் சம்மதிக்கவில்லை. என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மாமா, அது கியர்பாக்ஸ் இல்லை. நூலகத்தில் கார் பழுதுபார்ப்பது பற்றி ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. எனக்கு முன் யாரும் அதை எடுத்ததாகத் தெரியவில்லை. கியர்பாக்ஸ் என்றால் கியர் மாற்றும்போது சத்தமும் மாற வேண்டும். நம் காரோ நியூட்ரலில் இறக்கத்தில் உருண்டாலும் அதே "ஊஊம்"தான். வேகம் ஏறினால் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. அப்படியானால் ஏதோ ஒரு சக்கரத்தின் பேரிங் தேய்ந்துவிட்டது. இதைச் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் அப்பாவிடம் சொன்னேன். "டயர்ம்மா அது. பழசானா கொஞ்சம் முணுமுணுக்கத்தான் செய்யும். அதுக்காக உங்கம்மாவை நான் வித்துட்டேனா?" என்றார். "என்னை வித்துட்டா யாரு உங்களுக்கு மிளகாய் சுடுறதாம்?" என்றார் அம்மா. சுட்ட மிளகாயை அரைத்து ஐவார் துவையல் கிண்டும் பருவமாயிற்றே, பின்சீட்டின் வலப்பக்கம் முழுக்கச் சிவப்புக் குடைமிளகாய் மூட்டைகள், சத்தமோ மாடு கத்துவதுபோல். காரை நிறுத்தச் சொல்லி மூட்டைகளை இடப்பக்கம் மாற்றினேன், சத்தம் பாதியாகிவிட்டது. மறுபடி வலப்பக்கம் மாற்றினேன், கத்தியது. "பாரம் எந்தப் பக்கம் விழுறப்ப கத்துதோ அந்தப் பக்கத்துப் பேரிங்தான்ப்பா!" மறுபடியும் மாற்றும்போது ஒரு போலீஸ்காரர் வந்து, "மூட்டையில என்ன கடத்துறீங்க?" என்றார். சொன்னேன். அவரும் ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் வந்து, "பின்னாடி வலது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கினார், கை நிறைய மிளகாயோடு.

வீட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். விழப்போகும் பல்லைப்போல ஆடியது. சுற்றிவிட்டால் உள்ளே மணல் அரைபட்டது. உங்களிடம் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு அப்பா புதுப் பேரிங் வாங்கி வந்தார். (சொல்லிவிட்டேன்.) பேரிங் உட்காரும் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பழையதைத் தட்டி வெளியே எடுத்தோம், ஆனால் புதியதை அழுத்தி உள்ளே ஏற்ற எங்களிடம் இயந்திரம் ஏது? இரும்பு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்று பள்ளியில் படிப்பதை யாராவது ஒருநாள் பயன்படுத்தத்தானே வேண்டும்? பேரிங்கை ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். டிரம்மை முற்றத்துத் தகர அடுப்பில், சுடுபடும் மிளகாய்களுக்கு நடுவே வைத்தேன். "அடிப்பாவி! ஐவார்ல கிரீஸ் வாசனை வந்துச்சு, உன்னையும் சேர்த்துச் சுட்டுடுவேன்!" என்று அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். அதற்குள் அப்பா சுத்தியலை ஓங்கிவிட்டார். "நடுவுல அடிக்காதீங்கப்பா! உள்ள இருக்கிற குண்டெல்லாம் பாழாயிடும்! வெளி வளையத்துல மட்டும்!" "ஏய், இங்க யாருடி அப்பா?" "புத்தகம்ப்பா." சுத்தியலுக்கு வேலையே இல்லை, மாமா. குளிர்ந்த பேரிங் சூடான டிரம்முக்குள் "டொக்" என்று தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் பிரிலெப் வரை அப்பா ரேடியோவைக்கூடப் போடாமல் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினார். கார் அவ்வளவு அமைதியாக ஓடியதில் என் பென்சில் பெட்டி குலுங்குவதுகூடக் கேட்டது. பள்ளி வாசலில் நிறுத்தி, "உங்க மாமன்கிட்ட நீயே சொல்லிடு" என்றார். சொல்கிறேன்: கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது. தொலைபேசியில் நீங்கள் சொன்ன "புஸ்தகப்பூச்சிக்கு எதுக்குடி ஸ்பானர்?" என்ற வாக்கியத்தைத் திரும்பப் பெற வேண்டும். உங்களைக் கேட்காமல் உங்கள் காரைப் பிரித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இந்தப் பார்சலில் ஐவார் ஜாடிகளோடு பழைய பேரிங்கையும் காலுறையில் சுற்றி வைத்திருக்கிறேன். காதருகே வைத்துச் சுற்றிப் பாருங்கள். அதுவே மீதியைச் சொல்லும்.

மாமிக்கும் குழந்தைகளுக்கும் என் முத்தங்கள். புனித நிக்கோலா உங்கள் பயணங்களையும், முடிந்தால் உங்கள் காதுகளையும் காப்பாராக.

தலைகுனியாத மருமகள்,
நெவெனா

பி.கு.: பார்சலை வாங்கிக்கொள்ள சுவிட்சர்லாந்துப் பேருந்து ஓட்டுநர் வருவதற்குள் ஷிவ்கோ வந்துவிட்டார். அப்பா பெருமை தாங்காமல் அவரை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். "சத்தமே இல்லையே! இரும்பு விலையை மறந்துடுங்க, ரெண்டு மடங்கு தர்றேன்" என்கிறார் ஷிவ்கோ. ஞாயிற்றுக்கிழமை உங்களைத் தொலைபேசியில் அழைப்பாராம். நல்லவேளை, இந்தப் பேருந்து சனிக்கிழமையே உங்களிடம் வந்துவிடும். ஆகவே மாமா, மேலே நான் எழுதிய எதையும் நம்ப வேண்டாம். நீங்கள் சொன்னதே சரி. கியர்பாக்ஸ்தான். மிக மோசமாகப் போய்விட்டது. ஷிவ்கோவிடம் அப்படியே சொல்லுங்கள். மாமா சொன்னதுதான் சரி என்று ஊர் முழுக்க, பவ்லினா அத்தையிடம்கூட, சொல்ல நான் தயார். அந்தக் காலுறையை மட்டும், உள்ளே இருப்பதோடு, அதே ஓட்டுநரிடம் உடனே திருப்பிக் கொடுத்தனுப்புங்கள். பழைய பேரிங்கை மறுபடி மாட்ட இப்போது எனக்கு யாருடைய உதவியும் தேவையில்லை.