கொல்லம் வழியாகத் தாம்பரம்

உலகத்துக்குக் கோவில்பட்டி அளித்த கொடைகள் இரண்டு. ஒன்று கடலைமிட்டாய். இன்னொன்று உரக்கடை பெருமாள்சாமி. முதலாவதன் அருமையைத் தின்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாமவரின் அருமை தெரிய நீங்கள் ரயிலில் எங்கேயாவது போக வேண்டும். அதுவும் வழியில் ஓர் ஊரில் இறங்கித் தங்கிப் போக வேண்டும்.

மழையை நம்பி விதைக்கிற கரிசல்காட்டு ஆட்கள் நாம். வானம் கைவிட்டால் 'சரி, அடுத்த வருசம் பாப்போம்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் நம்மைவிடக் குறைந்த கட்டணத்தில் மதுரைக்குப் போய் வந்தான் என்று தெரிந்தால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது. இந்த உயர்ந்த பண்பின் சிகரம் பெருமாள்சாமி. அவர் கடைக்கு உரம் வாங்க வருகிறவர்களைவிட 'ஆலோசனை' கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். யூரியா மூட்டையை எடுத்துப் போடச் சலித்துக்கொள்வாரே தவிர, செல்போனில் ரயில் கட்டணம் பார்க்க அவர் ஒருநாளும் சலித்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. தாம்பரத்திலிருந்து தங்கை உமாராணி போன் போட்டாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு ஞாயித்துக்கெழம காலைல காது குத்துதோம். எங்கண்ணன் மடியில வச்சுத்தான் குத்தணும்னு இங்க எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். எனக்குக் கூடப்பொறந்தது நீ ஒருத்தன்தான். பஸ்ஸோ ரயிலோ, நேரா வந்து சேரு."

பெருமாள்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி ரொம்ப காலம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அந்தப் பிள்ளையின் காதுகுத்தில் தாய்மாமன் மடி என்பது அவர் ஒருவருக்கே முன்பதிவான இடம்.

"உயிரே போனாலும் வந்துருவேன்ட்டி," என்றார். 'நேரா' என்ற ஒரு சொல்லில் மட்டும் அவருக்கு உடன்பாடில்லை.

மனைவி ஆனந்தி சமயபுரத்தாளுக்கு மாவிளக்கு நேர்ந்திருந்தாள். போகிற வழியில் திருச்சியில் இறங்கி அதையும் முடித்துவிடலாம் என்றாள். சாமானியர்கள் இதற்கு இரண்டு டிக்கெட்டாக எடுப்பார்கள். பெருமாள்சாமி இரண்டாக எடுத்தார் என்று நாளைக்கு நாலு பேர் பேசினால் கடையைத் திறக்க முடியுமா? விதிகளைப் புரட்டினார். தொலைதூர டிக்கெட் எடுத்து, ஐநூறு கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு வழியில் ஓர் ஊரில் இறங்கித் தங்கிவிட்டு, அதே டிக்கெட்டில் மறுபடி ஏறலாம் என்று இருந்தது. ஆனால் கோவில்பட்டியிலிருந்து திருச்சி ஐநூறு தேறவில்லை. மற்றவர்களாக இருந்தால் இங்கே சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பெருமாள்சாமி யோசித்தார். திருச்சியை நகர்த்த முடியாது. ஏறுகிற இடத்தை நகர்த்தலாம் அல்லவா?

மாலையில் உரக்கடையில் 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது. வந்திருந்தோர்: பெருமாள்சாமி, ஆனந்தி, பக்கத்துக் கடலைமிட்டாய்க் கடை சேக் முகம்மது.

"நாம கொல்லத்துல ஏறுதோம்," என்று அறிவித்தார் பெருமாள்சாமி.

"எந்தக் கொல்லம்?" என்றாள் ஆனந்தி.

"கேரளாவுல இருக்குல்லா, அந்தக் கொல்லந்தான். அங்கன இருந்து திருச்சி ஐநூறைத் தாண்டிருது. ஒரே டிக்கெட்டு."

"வடக்க போறதுக்கு எதுக்குங்க தெக்க போகணும்? கொல்லம் போற துட்டு எந்தக் கணக்கு?"

"அது டிக்கெட்டுக் கணக்குல வராதுட்டி. அது 'ஆராய்ச்சிச் செலவு'."

சேக் முகம்மது டீயை அவசரமாக விழுங்கிவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, அந்த ரயிலு எந்த வழியா வருது?"

"நாரோயிலு, திருநவேலி, கோவில்பட்டி, மதுரை, திருச்சி."

"நம்ம கோவில்பட்டியா?"

"நம்ம கோவில்பட்டியேதான். இங்கன நின்னுதான் போகும். ஆனா நாங்க இறங்க மாட்டோம்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தனிக் களை வந்தது. "அதுல இன்னொரு வசதி பாருங்க பாய். சீர்த்தட்டையும் பாப்பாவோட கம்மலையும் கொல்லம் வரைக்கும் எதுக்குச் சொமக்கணும்? உங்ககிட்ட இருக்கட்டும். ரயிலு இங்கன வரும்போது சன்னல் வழியாக் குடுத்துருங்க."

"நான் வேண்டாம்னா கேக்கவா போறீய?" என்றார் சேக் முகம்மது. உமாராணி பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவரை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். அவளுக்காகத்தான் ஒப்புக்கொண்டார்.

கொல்லம் பயணம் வெற்றிகரமாக நடந்தது. முன்பதிவில்லாப் பெட்டியில் சன்னலோர இடமே கிடைத்தது. நாகர்கோவிலில் ஒரு கூட்டம் ஏறியது. திருநெல்வேலியில் அதைவிடப் பெரிய கூட்டம் ஏறியது. கோவில்பட்டி வந்தபோது பெருமாள்சாமியின் மடியில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். சன்னலை இரண்டு மூட்டைகள் அடைத்திருந்தன.

"பாய்! இங்கன! இங்கன!" என்று மூட்டை இடுக்கு வழியாகக் கத்தினார்.

"எங்கனய்யா இருக்கீரு?" என்று பெட்டி பெட்டியாகத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார் சேக் முகம்மது. ரயில் நகர்ந்தது. கையில் ஒரு பச்சைப்பிள்ளையின் தங்கக் கம்மல். அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்த பெட்டியில் தாவிவிட்டார். அது முன்பதிவுப் பெட்டி.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அண்ணாச்சி, டிடிஆர் பிடிச்சிட்டாரு. எங்க போறீயன்னு கேட்டாரு. பதட்டத்துல தாம்பரம்னுட்டேன். அபராதத்தோட அதுவரைக்கும் போட்டுட்டாரு. பரவால்ல, திருச்சியில இறங்கித் தட்டைக் குடுத்துட்டுத் திரும்பிருதேன்."

பெருமாள்சாமி பதறிப்போனார். "ஐயய்யோ, இறங்கிராதீய பாய்! நீங்க கோவில்பட்டியில ஏறுனவிய. உங்களுக்கு ஐநூறு ஆகல. இறங்கித் தங்குத உரிமை கெடையாது, டிக்கெட்டு வீணாப் போயிரும். பேசாம நேராத் தாம்பரம் போயிருங்க. நாங்க பின்னால வாரோம்."

"கடை தொறந்து கெடக்கு அண்ணாச்சி!"

"வீட்டுல சொல்லிப் பூட்டச் சொல்லுங்க. டிக்கெட்டு முக்கியம்லா?"

சமயபுரத்தில் மாவிளக்கு நல்லபடியாக எரிந்தது. சனிக்கிழமை இரவு திருச்சி நிலையத்தில், இறங்கித் தங்கியதற்கான ஒப்புதலை டிக்கெட்டில் வாங்கப் போனார். அதிகாரி உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"வண்டி நிக்குது, ஓடுங்க சார்."

"முத்திரை?"

"கையெழுத்தே போதும் சார்."

"சார், நான் இதுக்காகவே கொல்லத்துல இருந்து வாரேன். முத்திரை இல்லாம எப்படி?"

அந்த நல்ல மனிதர் எழுந்து போய் முத்திரையைத் தேடி எடுத்து வந்தார். மை தடவிக் குத்தினார். அழகாக விழுந்தது. பெருமாள்சாமி அதை ஊதிக் காயவைத்துக்கொண்டு வெளியே வந்தபோது தாம்பரம் வண்டியின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

"முத்திரை தெளிவா விழுந்துருச்சாங்க?" என்றாள் ஆனந்தி.

விடியற்காலையில் கிடைத்த அடுத்த வண்டியில் நின்றுகொண்டே வந்து அவர்கள் தங்கை வீட்டுக்குள் நுழைந்தபோது ஆசாரி சாமானை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கூடத்தின் நடுவில், மாப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய பட்டு வேட்டியில், சேக் முகம்மது சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பாப்பா. சிவந்த காதுகளில் புதுக் கம்மல். அழுது ஓய்ந்து, அவர் விரலைப் பிடித்தபடி விசும்பிக்கொண்டிருந்தது. பெருமாள்சாமி ஆசையாகக் கையை நீட்டினார். பாப்பா வீறிட்டு அலறி அந்தப் பட்டு வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"நல்ல நேரம் முடியப்போவுதுன்னு எல்லாரும் நெருக்குனாவ," என்றாள் உமாராணி. "அதான் சேக்கண்ணனை உக்காரச் சொன்னேன்."

"இல்லம்மா, அந்த டிக்கெட்டுல என்னன்னா..."

"தெரியும்ணே. சேக்கண்ணன் எல்லாத்தையும் சொன்னாவ. கேட்டுட்டு எல்லாரும் சிரிச்சாவ, நான் அழுதேன். அபராதம் கட்டி வந்த மாமன் புள்ளைய மடியில வச்சிட்டாவ. லாபம் பாத்து வந்த மாமன் பந்திக்கு வந்துருக்க. போ, எல போட்டாச்சு. சாப்பிடு."

பெருமாள்சாமி போய் இலை முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து இலைக்காரர் ஆவலோடு திரும்பி, "கொல்லம் வழியா வந்தவர் நீங்கதானா சார்? நாங்க திருப்பதி போகணும், வழியில ஒரு ஊர்ல இறங்கணும்..." என்று ஆரம்பித்தார். பெருமாள்சாமியின் கை தன்னை அறியாமல் சட்டைப் பைக்குப் போனது. டிக்கெட் அங்கே பத்திரமாக இருந்தது. கையெழுத்து, முத்திரை, ஒரு குறையும் இல்லை. அந்த டிக்கெட் தாம்பரம் வரைக்கும் செல்லுபடியானது. தாய்மாமன்தான் திருச்சியோடு காலாவதியாகிவிட்டார்.