இறுதி – தங்கச்சிக்கு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்குச் செத்தவர்களைப் பயம். பேய், பிசாசு என்று பெரிய அளவில் ஒன்றும் இல்லை. நேற்றுவரை கதைத்துக்கொண்டிருந்த மனிதர் இன்று பேசாமல் படுத்திருப்பாரே, அவரைத்தான் பயம். செத்தவீட்டுக்குப் போனால் சப்பாத்துகள் கழற்றி வைக்கும் இடத்தைத் தாண்டி உள்ளே போகமாட்டேன். (பொறுப்பான பிள்ளை, சப்பாத்துகளுக்குக் காவல் நிற்கிறான் என்று பாராட்டியவர்களும் உண்டு.) இந்தப் பயத்தை இருபத்தெட்டு வயதுவரை ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றினேன். பிறகு ஒரு வீடியோக் கசெட் அதை முப்பது பேருக்கு முன்னால் போட்டு உடைத்தது.

அப்போது ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாவில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் தனியாக இருந்தேன். ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. ஆனால் நம்மாட்கள் மத்தியில் எனக்கு ‘ரெக்னீசியன்’ என்று பெயர். ஒரு வீட்டில் படம் தெரியாத ரீவீயின் பிளக்கைச் செருகிக் கொடுத்ததில் வந்த பட்டம் அது. அதோடு கனடாக் கசெட்டுகளை நோர்வேக் கசெட்டுகளாக மாற்றிப் பதியும் இயந்திரம் ஒன்றும் என்னிடம் இருந்தது. கனடாக் கசெட்டை இங்கே அப்படியே போட்டால், மாப்பிள்ளையும் பொம்பிளையும் கறுப்பு வெள்ளையில் சுருண்டு சுருண்டு மேலே போய்க்கொண்டே இருப்பார்கள். ஆகையால் நம்மாட்களில் பாதிப் பேரின் கல்யாணமும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடும் என் அறைக்கு வந்துதான் போகும்.

சுகந்தியைக் கல்யாணம் செய்ய விரும்பினேன். அவள் ஓம் என்றுவிட்டாள். அவளுடைய அம்மாதான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பகுதியான புருசெத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி தருவார். நான் குடித்து முடிக்கும்வரை என்னுடைய கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார். மனதுக்குள் நான் அவரை அப்போதே மாமி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். (வாயால் கூப்பிட்டது ‘அன்ரி’.)

மாமிக்கு ரொறன்ரோவில் ஓர் அண்ணன். யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பித்த வாத்தியார். கனடாவில் அவருக்கு இரண்டு வேலை, ஒரு மகன், ஒரு பைத்தியம். பைத்தியம் ரீவீயில் ஐஸ் ஹொக்கி பார்ப்பது. ஒவ்வொரு ஞாயிறும் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுப்பார். சுகம் விசாரிப்பது இரண்டு நிமிடம், ஹொக்கி அரை மணித்தியாலம். கனடாவில் சனிக்கிழமை ஆட்டம் தொடங்கிவிட்டால் தெருவில் நாய்கூட இராது என்பார். கொத்துரொட்டிக் கடையில் தட்டுகிற சத்தம் நின்றுவிடுமாம், முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு ரீவீயைப் பார்ப்பாராம். அமெரிக்கர்களைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. அவர்களும் பார்க்கிறார்கள்தான், ஆனால் தங்கள் ஊர் தோற்றால் சனலை மாற்றிவிடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒருகாலத்தில் வட்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவர்கள் முறைப்பட, அங்குள்ள ரீவீக்காரர் அதைச் சுற்றி நீல வெளிச்சம் போட்டுக் காட்டினார்களாம். (வட்டு என்பது ஐஸில் அடிபடும் அந்தக் கறுப்புத் தட்டு. தமிழ் வாத்தியார் எதையும் மொழிபெயர்க்காமல் விடமாட்டார்.) மாமிக்கு இதில் ஒரு சொல்லும் விளங்காது. “ஓம் அண்ணை, ஓம் அண்ணை” என்று கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணனின் முகத்தைக் கண்டு பதினேழு வருடம் ஆகியிருந்தது.

ஒரு கார்த்திகை மாதம் அவர் நித்திரையிலேயே போய்விட்டார். மாமியிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். விசாவுக்கு அலைந்து முடிப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மாமி அழவில்லை. சமைத்தார், வேலைக்குப் போனார், திரும்பி வந்து தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கதிரையை விட்டு எழும்பவே இல்லை என்று சுகந்தி சொன்னாள்.

மாமி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: “அண்ணையின்ரை முகத்தை ஒருக்காப் பாக்கவேணும்.”

எங்கள் ஆட்கள் கல்யாணவீட்டைப் போலச் செத்தவீட்டையும் வீடியோ எடுப்பார்கள். நாலு நாட்டில் சிதறிக் கிடக்கும் உறவுகள் முகம் பார்க்க அன்று வேறு வழி இருக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உறவுகள் எல்லாரும் கூடும்போது அந்த வீடியோவைப் போடுவது என்று முடிவாயிற்று. வாத்தியாரின் மகன் நிசாந் கசெட்டை நேரே என் விலாசத்துக்கு அனுப்பினான். மாமி முதல் தடவையாக என் கோப்பையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீர் முதல் முழுக்கப் பாத்து, சரியா இருக்கோ எண்டு சொல்லும். அண்டைக்குப் படம் நிண்டுதெண்டால் என்னாலை தாங்கேலாது.”

நான் “ஓம்” என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே இன்றும் மன்னிக்கவில்லை.

கசெட்டின் முதுகில் சிவப்பு மையில் ‘இறுதி – தங்கச்சிக்கு’ என்று எழுதியிருந்தது. அழகான, உருண்டையான எழுத்து. நிசாந்தின் தமிழ் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பயத்தில் இருப்பவனுக்கு மூளை வேலை செய்வதில்லை. பிற்பகல் மூன்றரை மணி. டிசம்பரில் ஒஸ்லோவில் அந்நேரம் நல்ல இருட்டு. சன்னலுக்கு வெளியே பனிப்புகார். எதிர் அடுக்குமாடியே காணாமல் போயிருந்தது. கசெட்டைப் போட்டேன். திரையில் புள்ளிகள் பறந்தன. அதற்குமேல் என்னால் முடியவில்லை. கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து ரீவீயை மூடிவிட்டு, வெளி நடைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதிவு தானாக நடக்கும்தானே!

போர்வைக்குள்ளிருந்து நீல வெளிச்சம் கசிந்தது. முதலில் யாரோ முணுமுணுப்பது கேட்டது, ஐயரின் மந்திரமாக்கும் என்றிருந்தேன். அடுத்து ஓர்கன் வாசிக்கும் சத்தம் வந்தது. கனடாவில் செத்தவீட்டு மண்டபங்களில் ஓர்கன் வாசிப்பார்கள்போலும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஆயிரக்கணக்கான பேர் ஒரேயடியாக மூச்சை இழுத்து விடுவதுபோல ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது. (வாத்தியாருக்கு இவ்வளவு சனமா?) திடீரென்று கப்பல் ஊதுவதுபோல் ஓர் ஊதல். சுடலையில் இயந்திரத்தைத் தட்டிவிட்டார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். அதன்பின் ஓர் ஆண்குரல், அடித்தொண்டையில், தமிழில்: “போ... போ... போ... ஐயோ, போகமாட்டனெண்டுறானே.”

மிச்ச நேரத்தை நான் ஒன்பது தளமும் இறங்கிப்போய், கட்டட வாசலில், பனியில் கழித்தேன். அன்றே மாமியிடம் தொலைபேசியில் சொன்னேன்: முழுக்கப் பார்த்துவிட்டேன், நல்ல தெளிவு, எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது.

அந்தியேட்டியன்று புருசெத் வீட்டு வரவேற்பறையில் முப்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். மாலை போட்ட படம், குத்துவிளக்கு, சாம்பிராணிப் புகை. வெளியே வழக்கம்போல் மூன்று மணி இருட்டு. ஐயர் கிரியையை முடித்துவிட்டிருந்தார். வீடியோ முடிந்தபின் படையல், அதன்பின் சாப்பாடு. மாமி காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரைக்கு நேர் முன்னால் நிலத்தில் இருந்தார். யாரோ லைற்றை அணைத்தார்கள். ரெக்னீசியன் என்பதால் இந்தத் தடவை என்னைச் சப்பாத்துகளோடு நிற்க விடவில்லை. ரீவீக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி நின்று பட்டனை அமத்தினேன்.

புள்ளிகள் பறந்தன. பிறகு ஒரு வெறுங்கதிரை. பெட்டி இல்லை, பூ இல்லை, சனம் இல்லை. நீல வெளிச்சம் மட்டும் அந்தக் கதிரையில் விழுந்து நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்து சாரம் கட்டிய ஓர் உருவம் மெல்ல வந்து கதிரையில் உட்கார்ந்தது. நிமிர்ந்து எங்களை நேராகப் பார்த்தது.

“தங்கச்சி, தெரியுதோ?” என்று கேட்டார் செத்துப்போனவர்.

பின்வரிசையில் ஒரு பெண் முருகா என்றார். நான் ரீவீயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மாமி மட்டும், ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக்குப் பதில் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்: “ஓம் அண்ணை, தெரியுது.”

“சாப்பிட்டியோ?”

“இன்னும் இல்லை அண்ணை.”

“சரி, பிறகு சாப்பிடலாம். இப்ப தொடங்கப்போகுது.”

முப்பது பேரில் ஒருவராவது எழுந்து ஓடியிருப்பார். ஆனால் வாசலுக்குப் போக ரீவீயைக் கடக்கவேண்டும். அவர் தொடர்ந்தார். ரீவீயைப் படம் பிடித்தால் கோடு கோடாக விழுகிறதாம், அதனால் கமெராவை ரீவீக்கு மேலேயே வைத்துவிட்டாராம். தங்கச்சி தன் முகத்தைப் பார்த்தால் போதுமாம், ஆட்டத்தை அவர் சொல்வாராம். “இது இறுதி ஆட்டம். கனடாவும் அமெரிக்காவும். இஞ்சை ஒரு நாடே ரீவீக்கு முன்னாலை இருக்குது. நீயும் வந்து இரு.”

இறுதி. இறுதிக்கிரியை அல்ல, இறுதி ஆட்டம். பின்னால் விசாரித்தபோது எல்லாம் வெளிச்சமாயிற்று. வாத்தியார் தன் கசெட்டுகளுக்குக் ‘காலிறுதி’, ‘அரையிறுதி’ என்று சுத்தத் தமிழில் பெயர் எழுதி அடுக்கியிருந்தார். ஆனி மாதம் தங்கச்சிக்கென்று பதிந்து, அனுப்ப மறந்துவிட்ட கசெட் இது. எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்கும் மகன் ‘இறுதி’யையும் ‘தங்கச்சி’யையும் கண்டதும், யோசிக்காமல் உறையில் போட்டுவிட்டான். அதைப் பிடித்து நிறுத்தியிருக்கவேண்டிய ஒரே ஆள் நான். நான் பனியில் நின்றுகொண்டிருந்தேன்.

திரைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத ரீவீயில், ஓர்கனோடு தேசிய கீதம் தொடங்கியது. வாத்தியார் எழுந்து நெஞ்சில் கை வைத்தார். அவர் எழும்ப மாமி எழும்பினார். மாமி எழும்பப் பெரியவர்கள் எழும்பினார்கள், கடைசியில் ஐயரும் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழும்பினார். முதலில் அமெரிக்காவுக்கு, அடுத்ததாகக் கனடாவுக்கு. புருசெத்தில், சாம்பிராணிப் புகைக்குள், முப்பது யாழ்ப்பாணத்தார் இரண்டு நாட்டுக்கும் மரியாதை செய்தோம். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. நிப்பாட்டவேண்டும் என்று பட்டனுக்குக் கை நீட்டினேன். மாமி எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நிப்பாட்டாதையும்.”

இரண்டு மணித்தியாலம் செத்தவர் ஹொக்கி பார்ப்பதை நாங்கள் பார்த்தோம். ஆட்டத்தில் ஒரு துளியும் தெரியவில்லை. நீல வெளிச்சம் அவருடைய முகத்தில் ஓடியது. முகம் சுருங்கினால் அமெரிக்கா, விரிந்தால் கனடா. “போ, போ” என்று வட்டை விரட்டினார். அது போகாதபோது தலையில் கை வைத்தார். கனடா கோல் போட்டு ஊதல் ஊதியபோது குழந்தைபோல் துள்ளினார். ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதியில் மாமியும் “போ, போ” என்றார். அப்போதுதான் அவருடைய கன்னத்தில் கண்ணீர் வழிவதைக் கண்டேன். முப்பத்தொரு நாளாக வராதது, சிரிப்போடு சேர்ந்து வந்தது. சுகந்தி பின்னாலிருந்து தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. ரெக்னீசியன் அழக்கூடாது என்று ரீவீக்குப் பின்னால் வயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது வாத்தியார் முன்னால் சாய்ந்தார். “தங்கச்சி, இனித்தான் விசயமே இருக்கு—”

கசெட் முடிந்துவிட்டது. புள்ளிகள் பறந்தன.

யாரோ லைற்றைப் போட்டார்கள். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீர் இதைப் பார்த்தனீரோ என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குச் சக்தி இருக்கவில்லை. இல்லை, எனக்குச் செத்தவர்களைப் பயம், போர்வையால் மூடிவிட்டு ஓடிவிட்டேன் என்றேன். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். என் கல்யாணம் அந்த அறையிலேயே செத்துப்போயிற்று என்று நினைத்தேன்.

“பாத்திருந்தா நீர் இதைக் கொண்டுவந்திருக்க மாட்டீர்,” என்றார் மாமி. “வந்து சாப்பிடும்.”

அடுத்த சித்திரையில் கல்யாணம் நடந்தது. நிசாந் மன்னிப்புக் கேட்டு உண்மையான கசெட்டை அனுப்பினான். மாமி உறையைக்கூடப் பிரிக்கவில்லை. யார் வென்றது என்று சொல்ல அவன் வாயெடுத்தபோது, “அண்ணைக்குத் தெரியும், அது போதும்” என்று தொலைபேசியை வைத்துவிட்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் அந்த முடிவைச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. ஒவ்வொரு வருடமும் திவசத்தன்று ஐயர் போனபின் லைற்றை அணைத்துவிட்டு அந்தக் கசெட்டைப் போடுவோம். சின்னவர்களுக்கு என்னைக் காட்டி, இந்தப் படத்தைப் பார்க்காமலே நல்ல தெளிவு என்று சொன்ன மனிதர் இவர்தான் என்று அறிமுகம் செய்வார்கள்.

சில வருடங்களுக்கு முன் என் மகளின் ஆசிரியை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். சமயபாடத்தில் மகள் எழுதிய கட்டுரையை மேசையில் வைத்தார். இந்துக்கள் இறந்தவரின் நாளில் மரக்கறி சமைத்து, விளக்கேற்றி, இறந்தவர் ஐஸ் ஹொக்கி பார்ப்பதைப் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தாள். இரண்டு நாடுகளின் கீதத்துக்கும் எழுந்து நிற்கவேண்டும், யார் வென்றது என்று கேட்பது பாவம் என்றும் விளக்கியிருந்தாள். மிக மரியாதையான பெண் அந்த ஆசிரியை. இது எல்லா இந்துக்களிடமும் உள்ள வழக்கமா, அல்லது குறிப்பிட்ட பிரதேசத்துக்கு மட்டும் உரியதா என்று பேனாவோடு காத்திருந்தார். புருசெத்துக்கு மட்டும் என்றேன்.

அன்று பின்னேரம் கட்டுரையை மாமிக்கு வாசித்துக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதிலை என்ன பிழை?” என்று கேட்டார்.