திட்டுகிற டாக்டர்

என் இடது இடுப்பைப் பாழாக்கியவர்கள் மூவர். ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு டாக்டர், அப்புறம் நான். மோட்டார் சைக்கிளை எப்போதோ மன்னித்துவிட்டேன். அதற்கு மூளை கிடையாது. மற்ற இருவர் மீதும் இருக்கும் கோபம் இத்தனை வருடமாகியும் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. (குறைய விடுவதாகவும் இல்லை.)

அது எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் டீச்சர். கணவர் அதே தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதற்கு ஐந்து வருடம் முன்பு, ஒரு மழை நாளில், அவருடைய மோட்டார் சைக்கிள் செம்மண் சாலையில் வழுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் கால்வாயில் போய் விழுந்தேன். (அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இதை மாதம் ஒருமுறை அவருக்கு நினைவுபடுத்துவது என் வழக்கம்.) எலும்பு எப்படியோ கூடிவிட்டது. ஆனால் இடுப்பு மூட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோய், முப்பத்தாறு வயதில் கையில் தடி வந்துவிட்டது. கரும்பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நான் போய்ச் சேருவதற்குள் பிள்ளைகள் எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நிற்க முடியாத டீச்சரை எத்தனை நாளைக்குப் பள்ளியில் வைத்திருப்பார்கள்? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தடியில்லாமல் வகுப்பில் நிற்க வேண்டும்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். மாமா என் அம்மாவின் தம்பி. (ஆனால் என்னைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார்.) ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது தோட்டத்துக் கங்காணி. நாற்பது வருடம் துரைக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொன்னவர். அதனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தப் பெரிய மனிதரிடம் காரியம் ஆக வேண்டியிருந்தாலும் மாமாதான் முன்னால் நின்று பேசுவார். காரியத்துக்குச் சொந்தக்காரர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வலி என்னுடையது, பேச்சு மாமாவுடையது. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. படித்தவளாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதலில் போனது ஈப்போவில் ஒரு சீன டாக்டரிடம். காம்பார் ஊர்க்காரர். சின்ன வயது. மாமா, மாமி, கணவர், இரண்டு நாத்தனார்கள், நான் என்று ஆறு பேர் உள்ளே நுழைந்தோம். அவர் எழுந்து நின்று எங்கள் எல்லோருக்கும் நாற்காலி தேடினார். அங்கேயே மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், படுக்கச் சொன்னார், காலை மடக்கிப் பார்த்தார். பிறகு மலாயும் அரைகுறைத் தமிழுமாக விளக்கினார். இரண்டு வழி இருக்கிறது. எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு இரும்புக் குண்டு வைப்பது ஒன்று. எலும்பை அப்படியே விட்டு, அதைச் சீவி, மேலே இரும்பு மூடி போடுவது இன்னொன்று. இரண்டாவது புதிது. சின்ன வயதுக்காரர்களுக்கு நல்லது என்கிறார்கள். ஆனால் எத்தனை வருடம் தாங்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, தானும் நிறையப் பேருக்குச் செய்ததில்லை என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நேராகவே கேட்டார்.

"டீச்சர், வீட்டுல, ஸ்கூல்ல கக்கூசு எப்படி? குந்துறதா, உக்கார்றதா?"

மாமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மாமா மின்விசிறியைப் பார்த்தார். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது.

"எல்லாரும் போற மாதிரிதான் டொக்டர்," என்றேன்.

அவர் அதை விடாமல் மறுபடி கேட்பதற்குள் மாமா எழுந்துவிட்டார். வாசலில் டாக்டர், "நீங்க என்ன நினைக்கிறீங்க, யோசிச்சு சொல்லுங்க," என்று என்னிடம் சொன்னதுதான் கடைசி ஆணி.

"அவருக்கே தெரியல, அதான் நம்மளப் போயி கேக்கிறாரு," என்றார் மாமா காரில் ஏறியதும். "கக்கூசப் பத்திக் கேக்க சுகாதார இலாகா ஆளு போதும்லா. டொக்டரு எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கு என்னை ஒரு அறை அறைய வேண்டும் போல இருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. எங்கள் பள்ளியில் இருப்பது குந்துகிற கக்கூஸ். ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து, 'ஆபரேஷனுக்குப் பிறகு குந்தலாமா?' என்று எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த டாக்டரிடம், மாமா வேறு பக்கம் பார்க்கும்போது, தாளை நீட்டிவிடுவதாக உத்தேசம்.

அடுத்த டாக்டர் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரர். சீமையில் படித்தவர். (அவர் எந்த இனம் என்று எழுதமாட்டேன். திமிர் எல்லா இனத்திலும் இருக்கிறது.) நாங்கள் ஆறு பேரும் உள்ளே காலை வைத்ததும் ஆரம்பித்தார்.

"இது என்ன பாசாரா? இத்தனை பேருக்கும் இடுப்பு வலியா?"

மாமா கையைக் கூப்பி எக்ஸ்ரே படத்தை நீட்டினார்.

"தலைகீழா பிடிச்சிருக்கே. கண்ணு தெரியலயா?"

"ஆமாங்க டொக்டர்," என்றார் மாமா.

"அஞ்சு வருஷம் என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீங்க? தூங்கினீங்களா?"

"ஆமாங்க டொக்டர்."

படத்தை விளக்குக்கு நேரே ஒரு தடவை பார்த்தார். மூடி போட்டால் போதும், மூன்று மாதத்தில் வேலைக்குப் போகலாம் என்றார். என் காலைத் தொடவே இல்லை. நான் நடப்பதைப் பார்க்கவும் இல்லை. நான் கைப்பையைத் திறந்து தாளை வெளியே எடுத்தேன்.

"அது என்ன?"

"ஒரு கேள்வி டொக்டர்."

"ஆபரேஷன் செய்யப்போறது நானா, நீயா?"

"நீங்கதான் டொக்டர்."

தாளை மடித்து மறுபடி உள்ளே வைத்தேன். பை மூடிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

வெளியே வந்ததும் மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்காரர் கெட்டார்.

"எப்படி ஏசுறாரு பார்த்தியா? பழைய தொரை மாதிரியே இருக்கு. இவருதான்லா டொக்டரு."

கணவர் தலையாட்டினார். நாத்தனார்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஏன் என்று கேட்டால் இப்போது சொல்ல முடியும், அப்போது தெரியாது. மூன்று தலைமுறையாக விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, பேர் கூப்பிட்டதும் துரையிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் நாங்கள். திட்டுகிறவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று எங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. மரியாதையாகப் பேசுகிறவனைக் கண்டால், இவனுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று சந்தேகம் வந்துவிடும். எனக்கு அதுகூடப் பொறுக்கும். என் வகுப்புச் சுவரில் நானே கொட்டை எழுத்தில் 'புரியாவிட்டால் கேள்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதுதான் பொறுக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் ஈப்போவில் பெரிய நாத்தனார் வீட்டில் இருந்தேன். அங்கே உட்காருகிற கக்கூஸ், அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. தடி இல்லாமல் நடந்தேன். "ஏசுனாலும் கைராசிக்காரரு," என்று மாமா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், நாத்தனார் வீட்டிலிருந்து நேராக வந்திருந்தேன். இரண்டு பாடம் நின்றுகொண்டே நடத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். மணி அடித்து இடைவேளை விட்டதும் ஆசிரியர் கக்கூசுக்குப் போனேன். முப்பத்தாறு வருடம் செய்ததைத்தானே செய்யப்போகிறோம் என்று குந்தினேன்.

உள்ளே ஏதோ 'டப்' என்றது. அவ்வளவுதான். எழ முடியவில்லை. வலியில் கண் இருட்டியது. முதலில் மெதுவாகக் கூப்பிட்டேன், கௌரவம் போய்விடக் கூடாதே என்று. அப்புறம் கௌரவத்தை விட்டுவிட்டுக் கத்தினேன். தலைமையாசிரியர் கதவுக்கு வெளியே வந்து நின்றார். ரொம்ப நாகரிகமான மனிதர்.

"டீச்சர், உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"வாரீங்களா?"

"வர முடியல சார்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நாங்க வரலாமா?"

"வேணாம் சார்."

கடைசியில் கேன்டீன் அக்கா சுவர் ஏறிக் குதித்து, தோளில் போட்டு வந்த கைலியை எடுத்து என் மேல் சுற்றிவிட்டு, தாழ்ப்பாளைத் திறந்தார். தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் எதுவும் இல்லை. தலைமையாசிரியர் கக்கூஸ் கதவையே கழற்றச் சொன்னார். என்னை அதில் படுக்க வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். திடல் வழியாகப் போகும்போது, இடைவேளையில் இருந்த பிள்ளைகள் டீச்சர் வருகிறார் என்று எழுந்து நின்று, எப்போதும் போல ஒரே ராகத்தில், "வணக்கம், டீச்சர்," என்றார்கள்.

"வணக்கம், உக்காருங்க," என்று நானும் கதவில் படுத்தபடி சொன்னேன். பழக்கம்.

தோட்டத்துப் பால் லோரி கிடைத்தது. ரப்பர்ப் பால் நாற்றத்தோடு, கதவோடு, ஈப்போவரைக்கும் போனேன். கணவரும் மாமாவும் வழியில் ஏறிக்கொண்டார்கள்.

ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். மூடிக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. திட்ட ஆரம்பித்தார்.

"யாரு உன்ன குந்தச் சொன்னா? அறிவு இருக்கா? புதுசா வச்ச மூட்டுல யாராவது குந்துவாங்களா?"

"ஆமாங்க டொக்டர்," என்றார் மாமா, பழக்க தோஷத்தில்.

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. கேன்டீன் அக்கா என் கைப்பையை மறக்காமல் கூட வைத்து அனுப்பியிருந்தார். (அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.) அதற்குள் அந்தத் தாள் அப்படியே மடித்தபடி இருந்தது. எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இத கேக்கத்தான் வந்தேன். ஆபரேஷன் செய்யப்போறது நானா நீயான்னு கேட்டீங்க. நீங்கதான் செஞ்சீங்க. ஆனா குந்தப்போறது நான்தானே? அத ஏன் கேக்கல? அந்தச் சின்ன டொக்டரு கேட்டாரு. உங்களுக்குக் கேக்கத் தெரியல, ஏசத்தான் தெரிஞ்சிருக்கு."

அவர் நர்ஸைப் பார்த்தார், வெளியே போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் ஒரு துரையைத் திட்டிய முதல் ஆள் நான்தான். அதுவும் கைலி கட்டிக்கொண்டு, கக்கூஸ் கதவில் படுத்தபடி. மாமா என் காதில், "இப்படியெல்லாம் ஏசலாமா தங்கச்சி, நாளைக்கு யாரு பார்ப்பா?" என்றார்.

நாளைக்குப் பார்த்தவர் காம்பார் டாக்டர்தான். அவரிடம் போக எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் எதையும் சொல்லிக் காட்டவில்லை. மூடியை எடுத்துவிட்டு இரும்புக் குண்டு வைத்தார். கத்தியை எடுப்பதற்கு முன்பு, "கேள்வி இருக்கா, டீச்சர்?" என்றார். பதினொரு கேள்வி இருந்தது. பதினொன்றுக்கும் பதில் சொன்னார். இனி ஆயுசுக்கும் குந்தக் கூடாது, இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகத்தான் இருக்கும் என்பது அதில் இரண்டு. அந்த ஒரு விரற்கடையை அந்தப் பெரிய டாக்டரும் நானும் சேர்ந்து தொலைத்தோம். என் செருப்புகள் எல்லாமே இன்றைக்கும் ஒரு பக்கம் உயரமானவை. ஒவ்வொரு தடவை செருப்பு மாட்டும்போதும் இரண்டு பேரையும் திட்டிவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

மறுபடி பள்ளிக்குப் போனபோது தலைமையாசிரியர் என்னைத் தனியாக அழைத்துப்போய் ஒன்றைக் காட்டினார். அந்தக் கதவை அறுத்து, நடுவில் ஓட்டை போட்டு, கக்கூசுக்கு ஒரு நாற்காலி செய்து வைத்திருந்தார். நான் ஓய்வு பெறும்வரைக்கும் அதில்தான் உட்கார்ந்தேன். நின்றுகொண்டுதான் பாடம் நடத்தினேன்.

வீட்டில் இதை வைத்து ஓட்டாத ஆள் இல்லை. பல் டாக்டரிடம் போய் வந்தாலும், மோட்டார் சைக்கிளை ரிப்பேருக்கு விட்டு வந்தாலும் முதல் கேள்வி, "நல்லா ஏசுனாரா?" என்பதுதான். ஆமாம் என்றால், "கதவ கழட்டி வைங்க," என்பார்கள்.

போன வருடம் மாமாவுக்குக் கண் ஆபரேஷன். அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வரும்வரைக்கும் நாங்கள் ஒரு படையே வெளியே காத்திருந்தோம். வந்தார். எல்லோரும் ஒரே குரலில், "ஏசுனாரா?" என்றோம்.

"இல்லலா. உக்கார வச்சு, எல்லாத்தையும் பொறுமையா சொன்னாரு. என்ன வேலை செஞ்சேன், எப்படித் தூங்குறேன்னுகூட கேட்டாரு. ரொம்ப மரியாதை."

"அப்ப நல்ல டொக்டர்தானே, மாமா?" என்றேன்.

மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் உயரச் செருப்பைப் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காமல் என் காதில் சொன்னார்.

"நல்லவருதான். ஆனா ஏசவே இல்லையே தங்கச்சி, அதான் கொஞ்சம் பயமா இருக்கு."