ஐந்து மணி நேர ஆழம்

"அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

கதவைத் திறந்த மனைவி கேட்ட அந்தக் கேள்வி மேற்பார்வையாளருக்குச் சுருக்கென்று தைத்தது. வாரம் முழுக்கக் கிடங்கில் சரக்கைச் சரிபார்க்கிற மனிதர், நாற்பத்தாறு வயதில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு, பதினெட்டு மீட்டர் ஆழம்வரை போய்வந்திருக்கிறார். ஒரு சபாஷ் உண்டா? அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஞாயிறு காலை மணி பத்து.

"இன்னிக்குச் சும்மா பொழுதுபோக்கு டைவிங்தான். நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிடும். அடுத்த வாரத்துலேருந்து டெக்னிக்கல்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

வகுப்பில் காதில் விழுந்ததை எடுத்துவிட்டார். பொழுதுபோக்கு டைவிங்கில் ஏதாவது கோளாறென்றால் நிதானமாக நேரே மேலே வந்துவிடலாம். டெக்னிக்கலில் அது நடக்காது. அத்தனை ஆழத்தில் உடம்புக்குள் சேர்ந்த வாயு வெளியேறுகிறவரை, வழியில் அங்கங்கே நின்று நின்றுதான் வரவேண்டும். அவசரப்பட்டால் ஆளையே முடக்கிப் போட்டுவிடும்.

"அப்படி நின்னு வர எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி நேரம்."

அவள் முகம் மலர்ந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் தன்னை அப்படிப் பார்த்ததாக அவருக்கு ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபிரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலின் காலாவதித் தேதியையும் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். அவள் மடித்துவைத்த துணியைப் பிரித்து, எப்படி மடிக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்போதெல்லாம் இந்த மலர்ச்சி எங்கே போயிருந்ததோ.

அடுத்த ஞாயிறு, நாற்பது நிமிடத்தில் கரையேறியவர், டைவிங் பள்ளியின் சிலிண்டர் ஷெட்டில் கவிழ்த்த பெட்டிமேல் மூன்று மணி நேரம் குந்தியிருந்தார். சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் வழுக்கைத் தலைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. மனிதர் தங்கம்.

வீட்டில் ராஜ உபசாரம். கூடவே ஒரு சந்தேகம்: "இன்னும் ஆழமா போனா, இன்னும் நேரமாகுமில்ல?"

மரியாதையைக் காப்பாற்ற, ஷெட்டில் மூன்று மணி நேரம் ஐந்து மணி நேரமாயிற்று. டெக்னிக்கல்காரர்கள் முதுகில் இரட்டைச் சிலிண்டர் இருக்கும் என்று எங்கோ படித்ததாகச் சொன்னாள். இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளே தைலம் தடவிவிட்டாள். வலியைச் சாக்குவைத்து ஒரு வாரம்கூட விட்டுவிடக்கூடாது என்று அன்போடு கேட்டுக்கொண்டாள். மனிதர் நெகிழ்ந்து போனார்.

ஆறாவது ஞாயிறு, ஷெட் ஜன்னல் வழியாகப் பார்த்தால், மனைவி கையில் ஒரு பையோடு வந்துகொண்டிருந்தாள். பின்பக்கமாக ஓடிப் படகுத்துறையின் அடியில் இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் தூணைக் கட்டிக்கொண்டார். அவள் மேலே பெஞ்சில் உட்கார்ந்து, பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்து போனாள்.

பல் கிட்டிப்போய் ஷெட்டுக்குத் திரும்பியவரிடம் வழுக்கைத் தலைக்காரர் அந்தப் பையை நீட்டினார். உள்ளே அவருடைய ஸ்வெட்டர்.

மேற்பார்வையாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளையா ஏமாற்றுகிறோம்?

"இன்னிக்கே உண்மையைச் சொல்லிடறேங்க. டெக்னிக்கலும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டுலயே இருக்கப்போறேன்."

வழுக்கைத் தலைக்காரர் பதறிப்போய்க் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார்.

"அப்படிப் பண்ணிடாதீங்க சார், நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க இந்த ஷெட்லதான் உக்காந்திருக்கீங்கன்னு அவங்களுக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியும். முதல் ஞாயிறே போன் பண்ணி, 'சட்டுனு மேல வர முடியாதது எதுவோ, அவரை அதுலயே சேத்துடுங்க'ன்னு சொன்னாங்க."