ரிலீவர் வராமல் கிளம்பக்கூடாது

நெய்வேலி டவுன்ஷிப்

அன்பு மச்சான் அன்புச்செல்வனுக்கு, மாமா தனகோடி எழுதுவது. சேத்தியாத்தோப்பில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே உன் அக்கா பொற்கொடி, என் இடது கை, இடது கால் அனைவரும் நலம். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கத்தார் இருவரும் மெடிக்கல் லீவில் இருக்கிறார்கள். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவதாக அக்காவிடம் போனில் சொன்னாயாம். தயவுசெய்து வர வேண்டாம். பார்க்க வந்தவங்களால நான் பட்ட பாடு போதும். ஒவ்வொருத்தரும் ஆப்பிளோட வந்து உட்கார்ந்துகினு, இதே மாதிரி இழுத்துக்கினு செத்துப்போன அவங்க பெரியப்பா கதையைச் சொல்றாங்க. பக்கத்து வூட்டு அமிர்தம் அவங்க பைக் திருடுபோனதைச் சொன்னப்ப எனக்குக் குபுக்குனு சிரிப்பு வந்து நிக்கவே இல்ல. அந்தம்மா இப்ப பேசறதில்ல. அன்னிக்கு சாயந்திரமே டிவியில பிஸ்கட் விளம்பரம் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். டாக்டர் சொல்றாரு, பக்கவாதம் வந்த நிறைய பேருக்கு மனசும் இப்படி விழுந்துடுமாம், அதுவும் நோய்தானாம், மாத்திரை இருக்காம். மைன்ஸ்ல சித்திரை வெயில்ல கன்வேயர் பெல்ட் பார்த்த ஆளு நான், எனக்கு மனநோயான்னு கோவம் வந்துடுச்சு. மாத்திரையை நாக்குக்கடியில வெச்சு ஜன்னலுக்கு வெளியே துப்பினேன். அங்க இருக்கிற செம்பருத்தி ரொம்ப சந்தோஷமா பூத்துது. நான் பயிற்சியும் வேணாம் சோறும் வேணாம்னு சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டேன்.

போன வாரம் உன் அக்கா வடலூர் சந்தைக்குப் போயிருந்தா. என்கூட பெல்ட்டுல வேலை பார்க்கிற மருதாசலம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தான். யாரையும் பார்க்கப் பிடிக்கல, கிளம்புடான்னேன். "ரிலீவர் வரலியே"ன்னான். மைன்ஸ்ல மாத்து ஆள் வந்து நிக்காம பெல்ட்டை விட்டு நகரக்கூடாது இல்ல, அந்தச் சட்டத்தை என் கட்டில்கிட்ட போடறான்! பொற்கொடி வர்ற வரைக்கும் இது என் டூட்டின்னு என் ஆப்பிளை எடுத்துக் கடிக்கறான். வாயில வந்ததெல்லாம் திட்டினேன். திட்டித் தீர்ந்து, யார்கிட்டயும் சொல்லாததைச் சொல்லிட்டேன்: "காலையில கண்ணு முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு இருக்குடா." அவன் ஆப்பிளை மென்னுகினே, "அழுவணும்னா அழு, எனக்கு இன்னும் ஆப்பிள் இருக்கு"ன்னான். அழுதேன் மச்சான். முடிச்சதும் மாத்திரையை நீட்டி, முழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டச் சொன்னான்.

இப்ப எங்க செக்‌ஷன் ஆளுங்க முறை போட்டு வர்றாங்க. போறவன் வர்றவன்கிட்ட "அழுகை கம்மி, திட்டு நார்மல், வலது கால் லேசா அசையுது"ன்னு சொல்லி ஒப்படைச்சுட்டுத்தான் போறான். மாத்திரை உள்ளே போவுது, செம்பருத்திதான் வாடிப்போச்சு. பொங்கல் கழிச்சு என் காலாலயே நடந்துபோய் ஷிஃப்ட் பஸ்ஸை நிறுத்தல, என் பேரு தனகோடி இல்ல. அழுதுகினே நடந்தாலும் நடப்பேன். ஆகவே இங்கே ஆள் பற்றாக்குறை எதுவும் இல்லை. நீ வர வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் இடது கை ஆசீர்வாதம். வலது கை தேறியதும் மீதி ஆசீர்வாதம் வந்து சேரும்.

இப்படிக்கு,
சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பிவிட்ட உன் மாமா,
தனகோடி

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கறப்ப பார்க்கறேன், உன் அக்கா கையில மாத்திரையை வெச்சுகினு நின்னபடியே தூங்கறா. வர்றவனுக்கெல்லாம் மாத்து ஆள் வர்றான், நான் படுத்ததுலேர்ந்து அவளுக்கு மட்டும் யாருமே வரல. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துடு மச்சான். ஆப்பிள் வேணாம். அவ நல்லா தூங்கி எழுந்து வர்ற வரைக்கும் நீ கிளம்பக்கூடாது.